இல்லாத வரிக்கு அழுவோரும் இல்லாத பங்கை விற்போரும்

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, மின்சாரம் ஆகிய இவைகளை வெட்டியும் இறைத்தும் காய்ச்சியும் விற்கின்ற கம்பெனிகளில் பங்கு வாங்கி வைத்திருக்கிற சிறு முதல்காரர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் கூடினால் இன்று இரண்டு சங்கதிகளைத்தான் பேசுகிறார்கள். ஒன்று, டிவிடெண்டுக்கு வரி போட்டு சர்க்கார் கொள்ளையடிக்கிறது என்பது. மற்றொன்று, கையில் பங்கே இல்லாமல் விற்கிற ‘ஷார்ட்’ பேர்வழிகள் சேர்ந்துகொண்டு விலையைக் கவிழ்த்துவிடுகிறார்கள் என்பது. முதலாவதற்கு வரியையே எடுத்துவிட வேண்டும் என்றும், இரண்டாவதற்கு அந்த விற்பனையையே சட்டம் போட்டு நிறுத்திவிட வேண்டும் என்றும் பரிகாரமும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

இப்படிப் பேசுகிறவர்கள் எல்லாம் கோடீஸ்வரர்களா என்றால் இல்லை. பென்ஷன் வாங்கும் பள்ளிக்கூட வாத்தியார், மளிகைக் கடைக்காரர், இரண்டு தறி வைத்திருப்பவர், புருஷன் விட்டுப்போன பணத்தை எங்கே போடுவதென்று தெரியாமல் யாரோ சொன்னதைக் கேட்டுப் பங்கு வாங்கிய அம்மாள் ஆகிய இப்படிப்பட்டவர்களே அதிகம். ஆகையால் இவர்களுடைய துக்கத்தைப் பரிகாசம் செய்ய நாம் வரவில்லை. ஆனால் அந்தத் துக்கம் இவர்களுடைய சொந்தத் துக்கந்தானா, அல்லது வேறொருவன் வீட்டு இழவுக்கு இவர்கள் கூலிகூட வாங்காமல் மாரடிக்கிறார்களா என்பதை மாத்திரம் கொஞ்சம் நிதானமாய்ப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

முதலில் வரியை எடுத்துக்கொள்ளுவோம்.

டிவிடெண்டு என்பது ஆகாயத்திலிருந்து விழுகிற பணமல்ல. ஜாரியாவிலும் ராணிகஞ்சிலும் நெய்வேலியிலும் சுரங்கத்தில் நிற்கிறவன் உழைப்பில், கம்பெனிக்குச் செலவெல்லாம் போக மிஞ்சியதைப் பங்குக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதுதான் டிவிடெண்டு. வாங்குகிறவன் அதற்காகச் சுரங்கத்தில் இறங்குவதில்லை. கொதிகலன் பக்கத்தில் நிற்பதில்லை. பணம் போட்டான், அபாயத்தை ஏற்றான், அதற்கு ஒரு பலன் வருகிறது. வரட்டும்; நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் வியர்வை சிந்தி வாங்குகிற சம்பளத்துக்கு வரி உண்டு என்றால், வியர்வை சிந்தாமல் வருகிற வருமானத்துக்கு மாத்திரம் வரி கூடாது என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம்.

இந்த வரியின் சரித்திரத்தை அறியாமலேயே அநேகர் பேசுகிறார்கள். 1997-க்கு முன் டிவிடெண்டு வாங்குகிறவன் அதைத் தன் வருமானத்தோடு சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டும். 1997-ல் நிதி மந்திரியாய் இருந்த ப. சிதம்பரம் இதை மாற்றி, டிவிடெண்டு கொடுக்கிற கம்பெனியே 10 சதவிகிதம் வரி கட்டிவிட வேண்டும், வாங்குகிறவன் ஒன்றும் கட்ட வேண்டாம் என்று செய்தார். நடுவில் 2002-ல் ஒரு வருஷம் பழைய முறைக்குப் போய், 2003-ல் மறுபடியும் கம்பெனி தலையிலேயே வந்து உட்கார்ந்தது. 2020-ல் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் அந்த முறையை எடுத்துவிட்டு, வாங்குகிறவன் கையிலேயே அவனவன் வருமானத்துக்குத் தக்கபடி வரி என்று ஆக்கினார். போட்டவரும் எடுத்தவரும் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள் என்பதால் நமக்கு ஒன்றும் சலுகை வந்துவிடவில்லை. அதைப்பற்றி நமக்குக் கவலையுமில்லை. எந்த முறையில் ஏழை பிழைத்தான், எந்த முறையில் பணக்காரன் பிழைத்தான் என்பதுதான் நமக்கு வேண்டியது.

பழைய முறையின் கடைசிக் காலத்தில், ஒரு கம்பெனி 100 ரூபாய் டிவிடெண்டு கொடுத்தால் அதன்மேல் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 20 ரூபாய் 56 காசு வரி கட்ட வேண்டும். அதாவது 120 ரூபாய் 56 காசு எடுத்து வைத்தால்தான் பங்குதாரன் கையில் 100 ரூபாய் விழும். நூறு பங்கு வைத்திருந்த அம்மாளுக்கும் இதே கணக்கு. கோடிப் பங்கு வைத்திருந்த முதலாளிக்கும் இதே கணக்கு. வருமான வரி வரம்புக்கே வராத அந்த அம்மாள், தன் கண்ணுக்கே தெரியாமல் முதலாளி கட்டிய அதே விகிதத்தில் வரி கட்டிக்கொண்டிருந்தாள். ‘டிவிடெண்டுக்கு வரியே கிடையாது’ என்று அவளிடம் சொல்லியும் வைத்திருந்தார்கள்! இந்த அநியாயம் சர்க்காருக்கே உறுத்திற்றுப் போலும். 2016-ல், வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் டிவிடெண்டு வாங்குகிறவர்கள் மேற்கொண்டு 10 சதவிகிதம் கட்ட வேண்டும் என்று ஒரு ஒட்டுப் போட்டார்கள்.

இப்பொழுது அதே 120 ரூபாய் 56 காசை ஒரு கம்பெனி முழுக்கப் பங்கிட்டுக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் வரம்புக்குக் கீழே இருக்கிற அம்மாளுக்கு 120 ரூபாய் 56 காசும் அவளுடையதே. மேல்தட்டுக் கோடீஸ்வரனோ, 30 சதவிகித வரியும், அதன்மேல் 15 சதவிகித சர்சார்ஜும், அதன்மேல் 4 சதவிகித செஸ்ஸுமாக 100-க்கு 35 ரூபாய் 88 காசு கட்டியாக வேண்டும். ஆகவே அவன் கையில் நிற்பது சுமார் 77 ரூபாய் 30 காசு. இதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? அம்மாளுக்கு இருபது ரூபாய் கூடிற்று, கோடீஸ்வரனுக்குக் குறைந்தது. அதனால்தான் 2020 மார்ச் மாதம் முடிவதற்குள் பல கம்பெனிகள் அவசரம் அவசரமாக இடைக்கால டிவிடெண்டு அறிவித்துப் பழைய முறையிலேயே பணத்தை வெளியே எடுத்தன. அந்த அவசரம் அம்மாளுக்காகவா என்று யோசித்துப் பாருங்கள்.

மேலும், 2025 ஏப்ரலில் ஆரம்பித்த ஆண்டு முதல், புது வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை மொத்த வருமானம் உள்ளவருக்கு வருமான வரியே விழுவதில்லை. டிவிடெண்டும் அந்த 12 லட்சத்துக்குள்ளேயே அடங்கும். அப்படியானால் டிவிடெண்டு வரி, டிவிடெண்டு வரி என்று கூப்பாடு போடுகிற நூறு சிறு முதல்காரர்களில் எத்தனை பேர் உண்மையில் அந்த வரியைக் கட்டுகிறார்கள்? இல்லாத வரிக்கு அழுகிறவர்கள் என்று நாம் சொல்லுவது இவர்களைத்தான்.

‘கம்பெனி லாபத்துக்கு ஏற்கனவே வரி கட்டிவிட்டது, அதே பணத்துக்கு மறுபடியும் வரியா?’ என்று ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கம்பெனி 100 ரூபாய் லாபத்தில் சுமார் 25 ரூபாய் கட்டி, மிச்சத்தை மேல்தட்டுக்காரனுக்குக் கொடுத்து, அவன் தன் பங்குக்கு வரி கட்டினால் மொத்தத்தில் 52 ரூபாய் போய்விடுகிறது என்பது உண்மையே. ஆனால் அந்தக் கம்பெனி வரியை 2019 செப்டம்பரில் 30-லிருந்து 22 சதவிகிதமாய்க் குறைத்தபோது இவர்களில் யாராவது வேண்டாம் என்றார்களா? கூலிக்காரன் தன் கூலியில் துணி வாங்கினால் ஒரு வரி, பெட்ரோல் போட்டால் ஒரு வரி, மருந்து வாங்கினால் ஒரு வரி. ஒரே ரூபாய்க்கு எத்தனை வரி என்று அவனுக்காகக் கணக்குப் போட்டவர்கள் யார்? இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2 கோடிக்கு மேல் சம்பளம் வாங்குகிறவனுக்கு சர்சார்ஜ் 25 சதவிகிதம். அதே தொகையை டிவிடெண்டாக வாங்குகிறவனுக்கு 15 சதவிகிதத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள். உழைத்து வாங்குகிறவனைவிட உட்கார்ந்து வாங்குகிறவனுக்குச் சலுகை! இதைத்தான் கொள்ளை என்று சொல்லி நம் வாத்தியார் அழுகிறார்.

சிறு முதல்காரருக்கு நியாயமான குறை ஒன்று உண்டு. ஒரு கம்பெனி ஒருவருக்கு ஒரு வருஷத்தில் கொடுக்கும் டிவிடெண்டு 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவிகிதத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளுகிறார்கள். 2025 மார்ச் வரை இந்த வரம்பு 5,000 ரூபாயாகவே இருந்தது. வரியே கட்ட வேண்டாதவர், பிடிக்க வேண்டாம் என்று முன்னாலேயே பாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அல்லது ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்க வேண்டும். இரண்டும் தெரியாதவருடைய பணம் அங்கேயே கிடக்கும். வரம்பை இன்னும் உயர்த்து, திருப்பிக் கொடுப்பதைச் சுலபமாக்கு, சம்பளக்காரனுக்குள்ள சர்சார்ஜை டிவிடெண்டுக்காரனுக்கும் போடு என்று கேட்டால் அது புத்திசாலித்தனம். வரியே கூடாது என்றால் அது முதலாளி பாட்டுக்குப் பின்பாட்டு.

நிற்க. இனி ‘ஷார்ட்’ விற்பனையைப் பார்ப்போம்.

இதை ஏதோ மாயமந்திரம் போல் புரோக்கர்கள் பேசுகிறார்கள். சங்கதி இவ்வளவுதான்: நீங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு மூட்டை நெல் இரவல் வாங்கி அதை 2,000 ரூபாய்க்கு விற்கிறீர்கள். அறுவடை வந்து விலை 1,600 ஆனதும் ஒரு மூட்டை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். 400 ரூபாய் உங்களுக்கு. மழை பொய்த்து விலை 3,000 ஆனாலோ 1,000 ரூபாய் உங்கள் தலையில். வாங்கினவனுக்கு அதிகபட்ச நஷ்டம் போட்ட பணம் மாத்திரமே. இரவல் வாங்கி விற்றவனுக்கோ விலை ஏற ஏற நஷ்டத்துக்கு எல்லையே கிடையாது. மேலும், இரவல் வைத்திருக்கும்போது கம்பெனி டிவிடெண்டு கொடுத்தால், அந்தத் தொகையை இரவல் வாங்கினவன் தன் கையிலிருந்து எடுத்து உடையவனுக்குக் கொடுத்தாக வேண்டும். நிலக்கரி, மின்சாரக் கம்பெனிகளைப் போல் டிவிடெண்டு தாராளமாய்க் கொடுக்கிற பங்கை ஷார்ட் செய்கிறவனுக்கு இது சுமையே ஒழிய சுகமல்ல.

டிவிடெண்டு நாளன்று அநேகர் ஏமாறுவதும் இதனால்தான். 400 ரூபாய்ப் பங்கு ஒன்று 15 ரூபாய் டிவிடெண்டு அறிவித்தால், உரிமை தீர்ந்த நாளன்று அது 385 ரூபாய் அளவில் விற்பது இயற்கை. பெட்டியிலிருந்து 15 ரூபாய் வெளியே போனால் பெட்டியின் கனம் குறையாதா? இதைக்கூட ‘ஷார்ட்காரன் சதி’ என்று கூச்சலிடுகிறார்கள்.

விலை விழுந்தால் சந்தேகப்பட்டவனை அடி என்கிற புத்தி இன்று நேற்று வந்ததல்ல. நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கை 1609-ல் ஐசக் லெ மேர் என்ற வியாபாரியும் கூட்டாளிகளும் ஷார்ட் விற்றார்கள். கம்பெனி டைரக்டர்கள் உடனே சர்க்காரிடம் ஓடி, விதவைகளும் அநாதைகளும் கெட்டுப்போகிறார்கள் என்று அழுது, 1610-ல் தடை வாங்கிவிட்டார்கள். 1602-ல் ஆரம்பித்த கம்பெனி அந்த விதவைகளுக்கு அதுவரை ஒரு டிவிடெண்டும் கொடுத்ததில்லை என்பதை மாத்திரம் அவர்கள் சொல்லவில்லை! நம் நாட்டிலும் 2001 மார்ச்சில் மார்க்கெட்டு கவிழ்ந்தபோது செபி ஷார்ட் விற்பனையைத் தடுத்தது. தடைக்குப் பிறகு விலை நின்றதா? அடுத்த மாதமே இன்னும் கீழே போயிற்று. காய்ச்சல் கருவியை உடைத்தால் காய்ச்சல் நின்றுவிடுமா?

ஷார்ட்காரன் இல்லாவிட்டால் சிறு முதல்காரன் பிழைப்பான் என்பவர்களுக்கு ரிலையன்ஸ் பவர் கதையை ஞாபகப்படுத்துகிறோம். 2008 ஜனவரியில், மின்சார நிலையங்கள் எல்லாம் பெரும்பாலும் காகிதத்தில் இருந்தபோதே, பங்கு 450 ரூபாய் என்று விற்றார்கள். சில்லறை ஜனங்களுக்கு 20 ரூபாய் தள்ளுபடி. கேட்டதைப்போல் எழுபது மடங்குக்கு மேல் பணம் வந்து குவிந்தது. பிப்ரவரி 11-ந் தேதி மார்க்கெட்டில் ஏறிய முதல் நாளே வாங்கின விலைக்குக் கீழே விழுந்தது. இதில் முன்கூட்டி இரவல் வாங்கி விற்ற சதிகாரன் யார்? பங்கை இரவல் கொடுத்து வாங்குகிற இப்போதுள்ள ஏற்பாடே இந்நாட்டில் அந்த வருஷம் ஏப்ரலில்தான் வந்தது. சந்தேகப்பட ஆளில்லாத இடத்தில்தான் சனங்கள் அதிகமாய் மோசம் போனார்கள்.

அமெரிக்காவில் என்ரான் என்ற எரிசக்திக் கம்பெனி இருந்தது. மகாராஷ்டிரத்தில் தாபோல் மின்சார நிலையத்தைக் கொண்டுவந்ததும் அதுவே. 2000 ஆகஸ்டில் அதன் பங்கு 90 டாலர் விற்றது. அந்த வருஷம் நவம்பரில் ஜிம் சானோஸ் என்பவர் கணக்கைப் படித்துப் பார்த்து, இதில் ஏதோ புரட்டு இருக்கிறது என்று ஷார்ட் விற்க ஆரம்பித்தார். 2001 ஏப்ரலில் ஒரு முதல்காரர் ஆஸ்தி பொறுப்புக் கணக்கு எங்கே என்று கேட்டதற்கு, கம்பெனித் தலைவர் ஜெப்ரி ஸ்கில்லிங் எல்லோர் காதிலும் விழும்படி கெட்ட வார்த்தையால் வைதார். டிசம்பர் 2-ந் தேதி கம்பெனி திவாலாயிற்று. கம்பெனியை நம்பி ஓய்வுகால சேமிப்பை எல்லாம் அந்தப் பங்கிலேயே வைத்திருந்த தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். 2006-ல் ஸ்கில்லிங் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. தொழிலாளியைக் கெடுத்தவன் கேள்வி கேட்டவனா, கேள்வி கேட்டவனை வைதவனா?

அப்படியானால் ஷார்ட்காரன் சொல்லுவதெல்லாம் சத்தியமா என்றால், அதுவும் இல்லை. 2023 ஜனவரி 24-ல் ஹிண்டன்பர்க் என்ற அமெரிக்கக் கம்பெனி அதானி கம்பெனிகள்மீது புரட்டுக் குற்றம் சாட்டி ஒரு அறிக்கை விட்டது. தான் ஷார்ட் விற்றிருப்பதையும் அதிலேயே சொன்னது. அதானி தரப்பு 413 பக்கம் பதில் எழுதி, இது இந்தியாவின் மீதே தாக்குதல் என்றது. பிப்ரவரி 1-ல், 20,000 கோடி ரூபாய்ப் பங்கு வெளியீட்டை வாபஸ் வாங்கிக்கொண்டது. 2024 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தனி விசாரணைக் குழு தேவையில்லை என்றது. 2025 செப்டம்பரில் செபி அக்குற்றச்சாட்டுகள் சிலவற்றை விசாரித்து, அவை ருசுவாகவில்லை என்று உத்தரவு போட்டது. அதற்கு முன்பே, 2025 ஜனவரியில், ஹிண்டன்பர்க் கடையை மூடுவதாக அறிவித்துவிட்டது. நாம் இதில் நீதிபதியாய் உட்காரவில்லை. ஆனால் ஒரு கேள்வி. அந்த அறிக்கை வந்தபோது அதானி டோட்டல் காஸ் பங்கு 3,000 ரூபாய்க்கு மேல் விற்றது. சில வாரங்களில் 1,000-க்குக் கீழே போயிற்று. அப்பங்குக்கு அந்தக் கம்பெனி கொடுத்து வந்த டிவிடெண்டு வருஷத்துக்கு 25 காசு. போட்ட 3,000 ரூபாயை இந்த 25 காசில் திரும்ப எடுக்க 12,000 வருஷம் வேண்டும். மார்க்கண்டேயனுக்குக்கூட அவ்வளவு ஆயுசு சொன்னதாய் நமக்குத் தெரியாது. லாபம் வளரும், டிவிடெண்டும் வளரும் என்பார்கள், வளரலாம். ஆனால் அந்தக் கணக்கை வாங்கும்போதே போட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்? கணக்குப் போடாமல் வாங்கினவன், அறிக்கையைப் படிக்காமல் பயந்து விற்றான். ஏறும்போதும் பிறர் பேச்சு, இறங்கும்போதும் பிறர் பேச்சு! கம்பெனிக்காரனைச் சந்தேகிப்பதைப்போலவே, அவனைச் சந்தேகிக்கிறவனையும் சந்தேகித்துக் கணக்குக் கேட்பதுதான் அறிவு. இரண்டு பேருக்கும் இதில் லாபம் இருக்கிறது.

ஷார்ட் விற்பனையில் உண்மையான அக்கிரமம் எங்கே நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2007 நவம்பரில் ரிலையன்ஸ் பெட்ரோலியம் பங்கை அதன் தாய்க் கம்பெனியான ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸே விற்கப்போகிறது. அதற்கு முன் 12 ஏஜெண்டுகளை வைத்து வருங்கால மார்க்கெட்டில் ஷார்ட் விற்றது. முடிவு நாளில் கடைசி 10 நிமிஷத்தில் பங்குகளைக் கொட்டியது என்று செபி 2017 மார்ச்சில் கண்டு, 447 கோடி ரூபாயையும் வட்டியையும் கக்கச் சொன்னது. 2020 நவம்பரில் அப்பீல் டிரைபியூனல் அதை ஊர்ஜிதம் செய்தது. கம்பெனி குற்றத்தை மறுத்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஜெர்மனியில் 2012-க்கு முன் டிவிடெண்டு நாளை ஒட்டி ஷார்ட் விற்று, ஒரே பங்குக்கு இரண்டு உடையவர்கள் இருப்பதுபோல் காட்டி, ஒரு தரம் கட்டிய டிவிடெண்டு வரியை இரண்டு தரம் திரும்ப வாங்கினார்கள். பாங்குகளும் வக்கீல்களும் சேர்ந்து செய்த இந்த வித்தை குற்றமே என்று அந்நாட்டு மேல் கோர்ட்டு 2021-ல் தீர்ப்புச் சொல்லிற்று. டென்மார்க்கில் இதேபோன்ற வரி மோசடிக்கு 2024 டிசம்பரில் ஒருவருக்கு 12 வருஷ தண்டனை விதித்தார்கள். வரி கொள்ளை, ஷார்ட் கொள்ளை என்று நம் வாத்தியார் அழுகிறாரே, அந்த இரண்டையும் ஒன்றாய்க் கலந்து கொள்ளையடித்தவர்கள் சர்க்கார் கஜானாவைத்தான் காலி செய்தார்கள். அதாவது வாத்தியார் கட்டிய வரியையேதான்.

ஆகவே நிறுத்த வேண்டியது சந்தேகத்தை அல்ல, திருட்டுத்தனத்தை. இரவல்கூட வாங்காமல் வெறுங்கையால் விற்பதை நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கவில்லை. அதைக் கண்டிப்பாய் நடத்த வேண்டும். உள்ளே இருந்துகொண்டு வெளியே ஷார்ட் விற்கிற முதலாளிக்குப் பத்து வருஷம் கழித்தல்ல, பத்து மாதத்தில் தண்டனை கிடைக்க வேண்டும். இவைகளைச் சிறு முதல்காரர்கள் ஒன்றுசேர்ந்து கேட்கட்டும். நாமும் கூடச் சேர்ந்து கேட்கிறோம்.

‘அப்படியானால் நாங்களும் ஷார்ட் விற்றுச் சம்பாதிக்கிறோம்’ என்று சிலர் புறப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வருங்கால வியாபாரத்திலும் ஆப்ஷனிலும் இறங்கிய தனி ஆட்களில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று வருஷத்தில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள் என்றும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிற்று என்றும் செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. அதற்கடுத்த ஒரு வருஷத்தில் மாத்திரம் மேலும் ஒரு லட்சம் கோடிக்கு மேல் போயிற்று. சந்தேகப்படுவதற்குப் பணம் வேண்டியதில்லை. சந்தேகத்தின்மேல் பந்தயம் கட்டத்தான் பணம் வேண்டும்.

சிறு முதல்காரர்களே! உங்கள் பங்கு விழுந்தால் விற்றவனைத் தேடுவதற்கு முன், வாங்கும்போது உங்களுக்கு என்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள், சொன்னவனுக்கு அதில் எவ்வளவு தரகு கிடைத்தது என்பதைத் தேடுங்கள். வரியைத் திட்டுவதற்கு முன், அந்த வரி உங்கள் கையிலிருந்து உண்மையில் எத்தனை ரூபாய் எடுத்தது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். எழுதிப் பார்த்துவிட்டு அழ வேண்டியிருந்தால் தாராளமாய் அழுங்கள். அது உங்கள் சொந்த அழுகையாகவாவது இருக்கும்.